நாலு மணிச் சக்கரம்

சலவைக்கூடத்தின் பின்வாசலில் தகரம் வேய்ந்த சைக்கிள் கொட்டகை ஒன்று இருந்தது. பகல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். சிலர் சைக்கிள் கேரியரில் சாய்ந்திருந்தார்கள். சிலர் காலி சோப்புத்தூள் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையில் கட்டிய துணியை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. எல்லார் கையிலும் போன் இருந்தது.

மறுநாளுக்கான வேலைப் பட்டியல் மாலை நாலு மணிக்குத்தான் வரும். ஆள் அனுப்பும் கம்பெனியின் இணையதளத்தை ஆப்பிலோ லிங்கிலோ திறந்து, எந்த இடம், எந்த ஷிப்ட் என்று பார்த்து, ‘வருகிறேன்’ என்று அழுத்த வேண்டும். அரை மணி நேரம் கெடு. அதற்குள் அழுத்தாவிட்டால், வேலைக்கு வர மறுத்ததாகக் கணக்கு. ஒரே மாதத்தில் மூன்று மறுப்பு சேர்ந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

“வந்துடுச்சா?”

“சுத்துது.”

“உனக்கு?”

“எனக்கும் அதே சக்கரம்தான். பார்த்துப் பார்த்து எனக்கே தலை சுத்துது.”

யாரோ சிரித்தார்கள். வெள்ளைத் திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் சிறிய சக்கரம் ஒன்று நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தி போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். இன்னொருத்தி தன் போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அண்ணி கண்ணை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

துவைப்புப் பிரிவில் வேலை செய்யும் அவளை அங்கே எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய நாத்தனார் ஒருமுறை வீட்டுச் சாவி கேட்டு வந்து, கொட்டகை முழுக்க “அண்ணி, அண்ணி” என்று தேடியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வயதில் மூத்தவர்கள்கூட அப்படியே அழைத்தார்கள்.

நாலேகாலுக்கு இரண்டு பேருக்குப் பக்கம் திறந்தது. பிறகு இன்னும் சிலருக்கு. கெடு முடியும் தறுவாயில் அண்ணிக்கும் திறந்தது. அவள் அழுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள்.

“பெரியக்கா, உங்களுக்கு?”

பெரியக்கா இஸ்திரிப் பிரிவில் இருப்பவள். அந்தச் சலவைக்கூடத்தில் அவளைவிடப் பழைய ஆள் கிடையாது. அவள் போனை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். திரையில் சக்கரம் நின்றுவிட்டிருந்தது. அதன் இடத்தில் ஒரு வரி இருந்தது.

“என்னமோ எழுதியிருக்கு. நீயே பாரு.”

அண்ணி வாங்கிப் பார்த்தாள். ‘மூன்று முறை மறுத்ததால் உங்கள் பெயர் நீக்கப்பட்டது.’

“நான் எங்கடி மறுத்தேன்?” என்றாள் பெரியக்கா. அதைச் சண்டையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

 சைக்கிளில் சாய்ந்திருந்தவள் அண்ணியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “அந்தக் கம்பெனி மெஷினைப் பார்த்துக்கிறது உங்க நாத்தனார்தானே?”

*

நாத்தனாரை அந்தக் கம்பெனி அலுவலகத்தில் வயர் என்பார்கள். முதலில் கேபிள் இழுக்கும் வேலைக்குத்தான் வந்தாள். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து புறப்பட ஒல்லியான ஆள் தேவைப்பட்டது. பிறகு படித்து, பரீட்சை எழுதி, கம்பெனியின் சர்வரைக் கவனிக்கும் வேலைக்கு ஒப்பந்தத்தில் அமர்ந்தாள். வேலை மாறினாலும் பெயர் மாறவில்லை.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. இரண்டு பெண்களும்தான் வீடு. ஒரு அறையும் சமையலறையும். அறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுத் துணியை மடிப்பது வயரின் வேலை. “அங்கயும் துணி, இங்கயும் துணியா?” என்று அண்ணி என்றைக்கோ கைவிரித்துவிட்டாள்.

அன்று அண்ணி வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

“நாலு மணியானா உன் மெஷினுக்கு என்னதான் ஆகுது பாப்பா?”

“மூச்சு வாங்குது அண்ணி. பிராசஸர் நூறு சதவீதத்துக்குப் போய் அங்கேயே நிக்குது. அதுக்குமேல அதால ஒண்ணும் செய்ய முடியலை. நானும் நிறுத்தி நிறுத்திப் போடுறேன். மறுநாள் அதே கதை.”

“மூச்சு வாங்குறது மெஷினுக்கு. பேர் போனது பெரியக்காவுக்கு.”

வயரின் கை மடித்துக்கொண்டிருந்த போர்வையில் நின்றது. “பெரியக்காவுக்கா?”

“ஆமா. மறுத்துட்டாங்களாம்.”

வயர் மெல்லச் சொன்னாள்: “நீங்க எல்லாரும் திரும்பத் திரும்ப அழுத்துறதாலதான் இப்படி ஆகுதுன்னு மேலாளர் சொல்றார்.”

அண்ணி அடுப்படியிலிருந்து திரும்பினாள். “கதவைத் தட்டினா திறக்கலை. மறுபடி தட்டாம? வாசல்லயே பாயை விரிச்சுப் படுத்துக்கவா?”

வயருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“எனக்கு எத்தனை மறுப்பு இருக்கு தெரியுமா?” என்றாள் அண்ணி.

“ரெண்டு.”

“பார்த்துட்டியா?”

“பார்த்தேன்.” வயர் போர்வையின் ஓரத்தை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள். “என்னால அழிக்க முடியும் அண்ணி. ஒரு நிமிஷ வேலை.”

அண்ணி அடுப்பைத் தணித்தாள்.  அவள் யோசிக்கிறாள் என்பது கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் தட்டிய விதத்திலேயே தெரிந்தது.

“வேண்டாம்,” என்றாள் கடைசியில். “எனக்கு மட்டும் அழிச்சுட்டு அந்தக் கொட்டகையில எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது? அழிச்சா எல்லாருக்கும் அழி. இல்லேன்னா அந்தச் சக்கரத்தை நிறுத்துற வழியைப் பாரு.”

*

மேலாளர் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிவருவார். எதையும் காகிதத்தில் படமாக வரைந்து விளக்குவார். மறுநாள் காலை அவர் ஒரு படத்தோடுதான் வந்தார்.

“பத்து தடவைக்கு மேல அழுத்துற போனை ஒரு மணி நேரம் பூட்டிடலாம். கூட்டம் குறைஞ்சா மெஷினும் அடங்கும். திங்கட்கிழமையிலிருந்து.”

“ஒரு மணி நேரம் பூட்டினா கெடு போயிடுமே சார்,” என்றாள் வயர். “அவங்களுக்கு மறுப்பு விழும்.”

“ஒரு தடவை விழுந்தா மறுதடவை பொறுமையா இருப்பாங்கம்மா. பெரிய மெஷின் கேட்டுப் பார்த்தேன், தலைமை அலுவலகத்துல கையை விரிச்சுட்டாங்க. வேற என்ன வழி இருக்கு?”

“திங்கள் வரைக்கும் டைம் கொடுங்க. ஏன் சூடாகுதுன்னு பார்க்காமலே பூட்டறது சரியா படலை.”

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பாரு. ஆனா திங்கள் நாலு மணிக்கு ஏதாவது ஒண்ணு நடக்கணும்.”

அந்த இணையதளத்தை எழுதியவரை அலுவலகத்தில் நிதானம் என்பார்கள். நெருப்புப் பிடித்தாலும் “நிதானமா பார்த்துக்கலாம்” என்பார் என்று ஒரு பேச்சு. நடுவயது, மெதுவான நடை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அன்று நாலு மணிக்கு முன்னால் வயர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் சர்வர் இருந்தது.

நாலு மணி ஆனது. தடுப்பைத் தாண்டி விசிறிகளின் இரைச்சல் எழுந்தது. முதலில் முனகல், பிறகு கெட்டியான ஓலம். வயரின் திரையில் பிராசஸர் கோடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து உச்சியில் போய் ஒட்டிக்கொண்டன.

“எது தின்னுது பாருங்க,” என்றாள் அவள். “எல்லாம் ஒரே வேலை சார். வேலைப் பக்கத்தைத் தயார் பண்ற புரோகிராம். ஒரே நேரத்துல எத்தனை ஓடுது! எல்லா இடத்தையும் எடுக்குது, ஷிப்டை எடுக்குது, பஸ் ரூட்டை எடுக்குது, அடுக்குது, எழுதுது. பக்கத்துல இன்னொண்ணு அதையேதான் முதல்லேருந்து செய்யுது.”

“அப்படி இருக்கக் கூடாதே. ஒருதடவை தயார் பண்ணினா நகல் எடுத்துக் கேஷ்ல வெச்சுக்கும். அடுத்த ஆள் கேட்டா அந்த நகல்தான் போகணும்.”

“கேஷ் ஓடுதா?”

“ஓடுதே. இதோ பச்சை விளக்கு.”

“விளக்கு எரியுது. கேஷ்லேருந்து யாருக்கு நகல் போச்சு?”

நிதானம் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “ஒருத்தருக்கும் போகலை,” என்றார்.

தன் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். கொஞ்சம் தயங்கினாலும் வந்துவிட்டது. இரண்டாம் தடவை கண் இமைப்பதற்குள் வந்தது. “எனக்கு நகல் வருதே.”

“உங்களுக்கு வருது. கொட்டகையில வரலை.”

இருவரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புரோகிராமை வரிவரியாகப் படித்தார்கள். நினைவகத்தைப் பார்த்தார்கள், தரவுத்தளத்தைப் பார்த்தார்கள். எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தன. கெடு முடிந்து, நாலரைக்கு விசிறிகள் தாமாகவே தணிந்தன. அந்த அமைதி வயருக்கு இரைச்சலைவிட மோசமாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

“நாளைக்கு அரைநாள் லீவு போடுறேன்,” என்றாள். “அங்கேயே போய் நின்னு பார்க்கிறேன்.”

*

கொட்டகையில் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“வாங்க சர்வர்காரம்மா,” என்றாள் சைக்கிள் ஓரமாக நின்றவள். “எங்க கை எத்தனை தடவை அழுத்துதுன்னு எண்ண வந்தீங்களா?”

அண்ணி ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். வயர் முந்திக்கொண்டாள். “உங்க போனுக்கு என்ன வருதுன்னு பார்க்க வந்தேன்க்கா. அலுவலகத்துல உட்கார்ந்து பார்த்தா தெரியலை.”

யாரும் நகரவில்லை. பெரியக்காதான் எழுந்தாள். பெயர் போன பிறகும் நாலு மணிக்கு அவள் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தாள். யாராவது தவறுதலாகத் திரும்பச் சேர்த்துவிட்டிருப்பார்களோ என்று பார்ப்பதற்கு. டின்னை நகர்த்திப் போட்டு, தன் போனை நீட்டினாள்.

“என்னுது பழசு. அந்த ஆப் இதுல ஏறாது. லிங்கை அழுத்தித்தான் போவேன். பார்க்கிறியா?”

வயர் வாங்கிக்கொண்டாள். நாலு மணிக்கு அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. ஆப் இல்லாததால் திரையின் மேலே இணைய முகவரி தெரிந்தது. அதன் வால் நீளமாக இருந்தது. கேள்விக்குறி, அதன்பின் ஒரு நீண்ட எண். அவள் மறுபடி அழுத்தினாள். எண் மாறியது. இன்னொரு தடவை. மறுபடியும் வேறு எண்.

“அண்ணி, உங்க போன்லயும் ஆப்பை விட்டுட்டு லிங்க் வழியா திறங்க.”

அண்ணி திறந்தாள். அங்கும் ஒரு வால், அதில் வேறு எண். சைக்கிள்காரி கேட்காமலே தன் போனை நீட்டினாள். அதில் இன்னொன்று.

வயர் நிதானத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் விசிறிகளின் ஓலம் கேட்டது.

“சார், முகவரி கடைசியில ஒரு எண் வருது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறுது. உங்க கணினியில அது இருக்கா?”

“இல்லை. நான் அலுவலக உள்முகவரி வழியா போறேன்...” விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “அது நேரம். அழுத்துற நேரத்தை எண்ணாக்கி ஒட்ட வெச்சோமே, ஞாபகம் இருக்கா? பழைய நகல் வருதுன்னு புகார் வந்தப்போ. ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கணும்னு.”

வயருக்கு ஞாபகம் இருந்தது. அன்று அந்தத் தீர்வுக்கு எல்லாரும் கை தட்டியிருந்தார்கள். அவளும்தான்.

“கேஷ் முகவரியை வெச்சுத்தானே நகலைத் தேடும் சார்?”

“ஆமா.” இந்தத் தடவை அவர் குரலில் நிதானம் இல்லை. “முகவரி மாறினா அதுக்கு அது வேற பக்கம். ஐயோ, கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் புதுசா சமைச்சுக்கிட்டு இருக்கு!”

போனை வைத்தபோது சுற்றிலும் பெண்கள் நெருங்கி நின்றிருந்தார்கள்.

“என்னவாம்?” என்றாள் அண்ணி.

வயர் சலவைக்கூடத்தின் கதவைப் பார்த்தாள். “ஒருத்தர் வந்து ஒரு துண்டு கேட்டா என்ன செய்வீங்க? துவைச்சு அடுக்கினது அலமாரியில இருக்கும், எடுத்துக் கொடுப்பீங்க. எங்க மெஷின் அலமாரியைத் திறந்தே பார்க்கலை. ஒவ்வொரு துண்டுக்கும் மொத்த லோடையும் முதல்லேருந்து துவைக்குது. அந்த அலமாரிக்குப் பேர்தான் கேஷ்.”

“கேஷா?” என்றாள் சைக்கிள்காரி. “இத்தனை நாள் உங்க மெஷின்ல கேஷ் இருந்துச்சா? அதுல ஒரு பிடி எங்களுக்கும் தள்ளிவிடக் கூடாதா?”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு பரவியது. பெரியக்காவும் சிரித்தாள். சக்கரம் அப்போதும் எல்லார் கையிலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

“அப்போ அந்த வாலை வெட்டிடு,” என்றாள் அண்ணி.

“வெட்டினா பழைய சங்கடம் வரும் அண்ணி.”

அண்ணிக்கும் அது நினைவுக்கு வந்தது. முகம் சுருங்கியது. “ஆமா. இடம் இருக்குன்னு காட்டும். பஸ் பிடிச்சு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு வரைக்கும் போனா, ஆள் நிறைஞ்சாச்சுன்னு வாசல்லயே திருப்பிவிடுவாங்க. அதுக்கு இந்தச் சக்கரமே மேல்.”

“ரெண்டும் இல்லாம ஒரு வழி வேணும்,” என்றாள் வயர். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

*

சனிக்கிழமை அலுவலகத்தில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். நிதானம் வெள்ளைப் பலகையில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக வரைந்தார். இடத்தின் பெயர், போகும் வழி, ஷிப்ட் நேரம், மேற்பார்வையாளர், சீருடை, மீதமுள்ள இடம்.

“இதுல எது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்?” என்று கேட்டாள் வயர்.

அவர் கடைசி வார்த்தையை மட்டும் வட்டமிட்டார்.

“மத்ததெல்லாம் நாள் முழுக்க அப்படியே இருக்கும். அதை ஒருதடவை தயார் பண்ணி அலமாரியில வெச்சுடலாம். இந்த ஒரு எண்ணை மட்டும் போன் தனியா கேட்கட்டும். சின்னக் கேள்வி. மெஷினுக்கு வலிக்காது.”

நிதானம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்.”

“எனக்கும்தான். வாங்க.”

மதியம் வரை அவர் எழுதினார், அவள் சோதித்தாள். பாட்டிலில் இருந்த டீ ஆறிப்போனது. கொட்டகைக் கூட்டத்தைப்போலவே ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கேள்விகளை அனுப்பும் ஒரு புரோகிராமை வயர் ஓடவிட்டாள். பிராசஸர் கோடு எழுந்தது, பாதிக்கும் கீழேயே தங்கிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்பட அவசரப்படக் கூடாது என்று இருவருக்கும் பட்டது.

நல்லவேளையாகத்தான் பட்டது. தன் பெயரில் நுழைந்து பார்த்த நிதானம் திடுக்கிட்டார்.

“உன் பேர் வருதும்மா.”

“என்ன?”

“நான் நுழைஞ்சா ‘வணக்கம் வயர்’னு வரவேற்குது. உன் ஷிப்டு, உன் நம்பர், எல்லாம் எனக்குக் காட்டுது.”

வயர் எழுந்து வந்து அவர் திரையைப் பார்த்தாள். பக்கத்தின் தலைப்பில் இருந்த பெயரும் சேர்ந்து நகலுக்குள் போய்விட்டிருந்தது. சோதனைக்காக முதலில் நுழைந்தவள் அவள். அதற்குப்பின் யார் வந்தாலும் அவளாகவே ஆகிவிடுவார்கள். திங்கட்கிழமை இது நடந்திருந்தால் ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி அழுத்தி, மொத்தப் பட்டியலும் கந்தரகோலமாகியிருக்கும்.

“அப்போ பெயரும் அலமாரிக்கு வெளியே,” என்றாள். “ஆளுக்கு ஆள் மாறுறது எதுவும் உள்ளே போகக் கூடாது.”

“அதையும் தனிக் கேள்வியாக்கிடுவோம். நிதானமா செய்வோம்,” என்றார் அவர். பிறகு தானே சிரித்துவிட்டார்.

*

திங்கட்கிழமை நாலு மணிக்கு மேலாளர் அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். போனைப் பூட்டும் விதியை அவர் எழுதச் சொல்லி வைத்திருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அமலுக்கு வந்துவிடும்.

சுவர்க் கடிகாரத்தில் முள் நேராகியது. வயர் கண்ணாடித் தடுப்பின் பக்கம் காதைக் கொடுத்தாள். முனகல் எழவில்லை. திரையில் கோடு மெல்ல ஏறியது, கொஞ்சம் தள்ளாடியது, பாதிக்கும் கீழே படுத்துக்கொண்டது.

மேலாளருக்குச் சந்தேகம் வந்தது. “என்னம்மா, ஒரு சத்தத்தையும் காணோம். இணைப்பு அறுந்துபோச்சா? யாருமே உள்ளே வரலையா?”

“எல்லாரும் வந்துட்டாங்க சார்,” என்றார் நிதானம். “வந்த வேலையும் முடிஞ்சுபோச்சு. முக்கால்வாசிப் பேர் அழுத்திட்டுப் போயாச்சு.”

வயரின் போன் அடித்தது. எடுத்ததும் கொட்டகைச் சத்தம் காதைத் துளைத்தது.

“பாப்பா! சக்கரமே வரலைடி!” அண்ணி கத்தினாள். “விரலை எடுக்கிறதுக்குள்ள திறந்துடுச்சு. எல்லாருக்கும். இங்க ஒருத்தி நம்ப முடியாம மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கிட்டிருக்கா. அவளை உன் மேலாளர் பூட்டிடுவாரா?”

வயர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தான் அழுகிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மேலாளர் இருவர் தோளிலும் தட்டினார். “பிரமாதம். பெரிய மெஷின் செலவு மிச்சம். நாளைக்குக் கேக் என் கணக்கு.”

“சார், இன்னொண்ணு இருக்கு,” என்றாள் வயர். “மறுப்புன்னு போட்டதெல்லாம் மறுப்பு இல்லை. அவங்க கேட்டாங்க, நம்ம மெஷின்தான் திறக்கலை. எந்தப் போன் எப்போ தட்டினதுங்கிறது சர்வர்ல இருக்கு. அதெல்லாத்தையும் நீக்கணும்.”

“போனதை ஏன் கிளறணும்? இனிமே விழாது, அவ்வளவுதானே வேணும்?”

“பேர் போனவங்க இருக்காங்களே சார்.”

அவர் பதில் சொல்வதற்குள் நிதானம் நாற்காலியைத் திருப்பினார். “மெஷின் பேசாம இருந்ததுக்கு அவங்க மேல பழி போட்டிருக்கோம். அது என் புரோகிராம் சொன்ன பொய். அது அப்படியே இருக்கும்போது எனக்குக் கேக் இறங்காது.”

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பேசி மேலாளர் கேட்டதில்லை. மேலாளர் ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். பிறகு வேறு எதையோ நினைத்துக்கொண்டவர்போலச் சொன்னார்: “இஸ்திரிப் பிரிவிலேருந்து வேற தினமும் கத்துறாங்க. புதுசா போட்ட ஆள் விரிப்புல ஓட்டை போடுறாளாம். சரி. மெஷின் மக்கர் பண்ணின நாள்ல விழுந்ததை மட்டும் நீக்கு. ஒண்ணுகூட அதிகமா போகக் கூடாது.”

“போகாது சார்.”

“நீக்கின பேரைத் திரும்பச் சேர்த்தா, கணினி அவங்களைப் புது ஆளாத்தான் எடுத்துக்கும். அதை மாத்த நம்ம கையில அதிகாரம் இல்லை. புது ஆளுக்கு உள்ள விதிப்படிதான் உள்ளே வரணும்.”

வயர் தலையாட்டினாள். அன்று மாலை இருட்டுவதற்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நீக்கினாள். அண்ணியின் இரண்டும் அந்த வரிசையில் தன் முறைக்கு வந்தபோதுதான் போயின.

*

பெரியக்கா திரும்பி வந்த காலையில் வயரும் அண்ணியோடு சலவைக்கூடத்துக்குப் போனாள். வேலைக்குப் போகும் வழிதான், ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

பெண்கள் வாசலிலேயே பெரியக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். சைக்கிள்காரி அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கவே பார்த்தாள். “நீங்க இல்லாம அங்க விரிப்பெல்லாம் சல்லடையாப் போச்சுக்கா!” என்றாள். உள்ளே மணி அடித்தது. எல்லாரும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அண்ணி கதவருகே நின்று திரும்பிப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனாள்.

பெரியக்காவைக் காவலாளி நிறுத்தினார். “உங்களுக்கு இன்னும் பச்சை வரலைம்மா. புது ஆளுங்க பயிற்சிப் படம் பார்த்து முடிச்சாத்தான் கேட் திறக்கும்.”

“என்ன பயிற்சி?”

“போன்ல வரும். பாருங்க.”

வாசலோரத்து மர ஸ்டூலில் பெரியக்கா உட்கார்ந்தாள். வயர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். படம் உடனே திறந்தது. ஓரிடத்திலும் தடைபடாமல் ஓடியது. அழகாகத் தலைவாரிய ஒரு பெண் சிரித்த முகத்தோடு, இஸ்திரிப்பெட்டியை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். பெரியக்கா தன் முன்கையில் வரிவரியாக இருந்த பழைய சூட்டுத் தழும்புகளைத் தடவிக்கொண்டே பார்த்தாள்.

“பொண்ணு நல்லா சொல்லிக் கொடுக்கிறா,” என்றாள். “ஆனா அப்படிப் பிடிச்சா மணிக்கட்டு போயிடும்.”

உள்ளே நீராவி சீறும் சத்தம் தொடங்கியது. படத்துப் பெண் இப்போது கையில் போனை வைத்திருந்தாள். பக்கம் திறக்கவில்லை என்றால் பதற்றப்படாமல் உங்கள் போனைச் சரிபாருங்கள் என்றாள். பொறுமையே நல்ல ஊழியரின் அடையாளம் என்றாள். பிறகு திரை நிறைய ஒரு பச்சைப் பொத்தான் வந்தது. ‘எனக்குப் புரிந்தது.’

பெரியக்கா அதை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருஷச் சூட்டில் அவள் விரல்நுனித் தோல் காய்ந்து தடித்து, ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. திரைக்கு அது விரல் என்று தெரியவில்லை.

“நான் அழுத்தட்டுமா பெரியக்கா?”

“இரு, இரு,” என்றாள் அவள். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் ஊதி ஈரமாக்கிக்கொண்டு, புரிந்தது, புரிந்தது என்று மறுபடி மறுபடி அழுத்தினாள்.